வீட்டுக் காற்றோட்ட இயந்திரத்தின் ஃபில்டர் செலவைக் குறைப்பது எப்படி? குமரி மாவட்ட வீடுகளுக்கான கேள்வி பதில்கள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் புதிதாக எழும் சில வீடுகளில் ஏசியோடு சேர்த்து, வெளிக்காற்றை வடிகட்டி உள்ளே தரும் இயந்திரத்தையும் பொருத்துகிறார்கள். பொருத்தும்போது அதன் விலையை விசாரிப்போம். ஃபில்டருக்கு வருடா வருடம் என்ன ஆகும் என்று யாரும் கேட்பதில்லை. முதல் பில் வந்த பிறகுதான் கேள்விகள் கிளம்புகின்றன. அப்படி உறவினர்களும் அக்கம்பக்கத்தாரும் கேட்டவற்றுக்கான பதில்கள் கீழே. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஃபில்டர் செலவில் பெரும்பகுதியை முடிவு செய்வது, வெளிச்சுவரில் காற்று நுழையும் அந்த ஓட்டைதான். அது எந்தத் திசையில் இருக்கிறது, அதன் முன்னால் என்ன வைத்திருக்கிறோம் என்பதைச் சரிசெய்தாலே பாதி வேலை முடிந்தது.

எந்த இயந்திரத்தைப் பற்றிப் பேசுகிறோம்?

மூன்று வகை. முதலாவது, ஃபில்டர் வைத்த சிறிய ஃபேன் வெளிக்காற்றை இழுத்து அறைக்குள் தள்ளும் ஃப்ரெஷ் ஏர் யூனிட். இரண்டாவது, ஈ.ஆர்.வி., எச்.ஆர்.வி. என்ற பெயர்களில் வருபவை. உள்ளே வரும் காற்றும் வெளியே போகும் காற்றும் ஒன்றோடொன்று கலக்காமல் வெப்பத்தை மாற்றிக்கொள்ளும் பெட்டி இவை. மூன்றாவது, வீடு முழுவதற்குமான டக்ட் (காற்றுக் குழாய்) ஏசியில் உள்ள ஃபில்டர். சமையலறை சிம்னியையும் சுவர் ஏசியையும் கடைசிப் பகுதியில் தொட்டுப் போகிறேன்.

எங்கள் வீட்டில் எப்போதும் ஜன்னல் திறந்துதான் இருக்கும். இது தேவையா?

தேவையில்லை. ஜன்னல் திறந்திருக்கும் வீட்டில் இயந்திரத்தை ஓட்டுவது ஃபில்டரை வீணாக்குவது. பத்மநாபபுரம் அரண்மனையின் மர அழிகளைப் பார்த்தவர்களுக்கு, இந்த ஊர்க் காற்றை எந்த இயந்திரமும் இல்லாமல் வீட்டுக்குள் வரவழைக்கத் தெரிந்தவர்கள் இங்கே இருந்தார்கள் என்பது புரியும். நமக்குக் குளிரும் கடுமையில்லை, உள்நாட்டு ஊர்களின் வெயிலும் இல்லை.

இயந்திரத்துக்கு நியாயமான இடங்கள் சில உண்டு. இரவெல்லாம் ஏசி போட்டு அடைத்து வைக்கும் படுக்கையறை, லாரி ஓடும் சாலையை ஒட்டிய வீடு, ஆஸ்துமாவோ தூசி அலர்ஜியோ உள்ளவர்கள் இருக்கும் வீடு. வெளிக்காற்றில் கார்பன் டை ஆக்சைடு சுமார் 420 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 420 பங்கு) அளவு. அடைத்த சிறிய அறையில் இரண்டு பேர் தூங்கினால் விடிவதற்குள் அது 2,000-ஐத் தாண்டிவிடும். காலையில் தலை கனக்கிறது என்பவர்கள் இதைக் கவனிக்கலாம்.

ஜி4, எஃப்7, மெர்வ் 13, ஹெப்பா என்று ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். எது நமக்கு?

ஜி4 என்பது கரடுமுரடான தூசி, நூல், பூச்சி ஆகியவற்றைப் பிடிக்கும் பஞ்சு. எஃப்7 அதைவிட நுண்ணியது. அமெரிக்கக் கணக்கில் ஏறத்தாழ மெர்வ் 13-க்கு இணை. புகையையும் நுண்துகளையும் ஓரளவு நன்றாகவே பிடிக்கும். ஜி, எஃப் பெயர்கள் பழைய ஐரோப்பியத் தரத்தில் இருந்தவை. 2016-இல் வந்த ஐ.எஸ்.ஓ. 16890 தரத்தில் இ.பி.எம்.1, இ.பி.எம்.2.5, இ.பி.எம்.10 என்று துகளின் அளவையும் எத்தனை சதவீதம் பிடிக்கும் என்பதையும் சேர்த்துக் குறிக்கிறார்கள். பெட்டியில் 'இ.பி.எம்.1 50%' அல்லது அதற்கு மேல் இருந்தால் அது பழைய எஃப்7 வரிசை என்று எடுத்துக்கொள்ளலாம்.

வீட்டுக்கு, முன்னால் ஜி4, பின்னால் எஃப்7 போதும். இவற்றைவிடவும் நுண்ணிய ஹெப்பாவின் விலையும் அதிகம், அது காற்றைத் தடுக்கும் அளவும் அதிகம். சாதாரண வீட்டு ஃபேனுக்கு அதைத் தாண்டிக் காற்றை இழுக்கும் வலு கிடையாது. அதற்கென்றே செய்த இயந்திரத்தில்தான் அதை வைக்க வேண்டும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை கட்டாயம் மாற்றச் சொல்கிறார்கள். சரியா?

காலண்டரைப் பார்த்து மாற்றுவதில்தான் நிறையப் பணம் போகிறது. கம்பெனிக்கு உங்கள் வீடு கடற்கரையில் இருக்கிறதா, பேச்சிப்பாறை மலையடிவாரத்தில் இருக்கிறதா என்று தெரியாது. எல்லோருக்கும் பொதுவாக ஒரு மாதக் கணக்கைப் போட்டுவிடுகிறது.

ஃபில்டரில் சேரும் தூசி மூன்றைப் பொறுத்தது: எவ்வளவு காற்று போகிறது, அந்தக் காற்றில் எவ்வளவு தூசி இருக்கிறது, எத்தனை மணி நேரம் ஓடுகிறது. உதாரணமாக, மணிக்கு 100 கன மீட்டர் காற்றை இழுக்கும் இயந்திரம் (இன்ஸ்டாலர் பேச்சில் சுமார் 60 சி.எஃப்.எம்., அதாவது நிமிடத்துக்கு 60 கன அடி). காற்றில் நுண்துகள் ஒரு கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராம் என்று வைப்போம். பி.எம்.2.5 எனப்படும் இந்த நுண்துகளுக்கு இந்தியாவில் 2009-இல் வகுத்த ஆண்டுச் சராசரி வரம்பு இதுதான். மணிக்கு 4 மில்லிகிராம், நாளுக்கு 96, வருடத்துக்குச் சுமார் 35 கிராம். காற்று அதில் பாதி சுத்தமாக இருந்தால் தூசியும் பாதி. இயந்திரம் பாதி நேரமே ஓடினால் அதிலும் பாதி. அப்படிப்பட்ட வீட்டில் ஆறு மாதத்தில் மாற்றினால், நல்ல நிலையில் இருக்கும் ஃபில்டரைத் தூக்கி எறிகிறோம் என்றுதான் பொருள்.

இன்னொன்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஃபில்டர் கறுத்துவிட்டதே என்று பதற வேண்டாம். தூசி படியப் படிய இடைவெளி குறுகி, அது முன்னைவிடக் கொஞ்சம் அதிகமாகவே பிடிக்கும். மாற்ற வேண்டிய நேரத்தைச் சொல்வது நிறமல்ல. காற்று குறைந்துவிட்டதா, ஃபில்டரின் இரு பக்கமும் அழுத்த வித்தியாசம் கூடிவிட்டதா என்பதைப் பார்க்க வேண்டும். புதிதாகப் போட்டபோது இருந்ததைப் போல் இரண்டு, இரண்டரை மடங்கு ஆனால் மாற்றிவிடலாம்.

அதற்கு விதிவிலக்கு: நனைந்தால், பூஞ்சை வாடை வந்தால், கிழிந்தால் அன்றே மாற்ற வேண்டும். நம் ஊரில் இரண்டு பருவமழையும் பெய்கிறது. ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நிற்கும்போது ஃபில்டரில் உள்ள தூசியே பூஞ்சைக்குத் தீனியாகிவிடும். அதனால் அழுத்தம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் எஃப்7-ஐ ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருக்காதீர்கள். மாற்றுவதை டிசம்பரில் வடகிழக்கு மழை ஓய்ந்த பிறகு வைத்துக்கொண்டால், புது ஃபில்டருக்கு நல்ல காய்ந்த மாதங்கள் கிடைக்கும்.

அந்த அழுத்தத்தை வீட்டிலேயே அளக்க முடியுமா?

முடியும். கொத்தனார் மட்டம் பார்க்கும் ட்யூப் இருக்கிறதே, அதே கண்ணாடி நிற ட்யூபை மெல்லியதாக இரண்டு மீட்டர் வாங்குங்கள். 'யு' வடிவில் வளைத்து ஒரு பலகையில் கட்டி, பாதியளவுக்குக் கொஞ்சம் நிறம் கலந்த தண்ணீர் விடுங்கள். ஒரு முனையை ஃபில்டருக்கு முன்னால் உள்ள இடத்திலும் மறு முனையை ஃபில்டருக்கும் ஃபேனுக்கும் நடுவே போட்ட சிறிய துளையிலும் வைத்தால், இரண்டு பக்கத் தண்ணீரும் ஏற்ற இறக்கமாக நிற்கும். ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் என்றால் சுமார் 9.8 பாஸ்கல் (அழுத்தத்தின் அலகு).

வீட்டு இயந்திரத்தில் வித்தியாசம் சில மில்லிமீட்டர்தான் வரும். கண்ணால் படிப்பது கஷ்டம். அதற்கு வழி, பலகையைச் சாய்ப்பது. ஒரு மீட்டர் பலகையின் வளைவு பக்கம் தரையிலும், திறந்த முனைகள் உள்ள பக்கம் 10 சென்டிமீட்டர் உயரத்திலும் இருக்குமாறு வையுங்கள். இப்போது ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் ட்யூப் நெடுக 10 மில்லிமீட்டராகத் தெரியும். 50 பாஸ்கல் என்றால் ஐந்து சென்டிமீட்டர். பள்ளிப் பிள்ளைகள் கூடப் படித்துவிடுவார்கள்.

புது ஃபில்டர் போட்ட அன்றே அளந்து, இயந்திரத்தின் மேல் மார்க்கரால் எழுதி வையுங்கள். அந்த முதல் அளவு இல்லாவிட்டால் பிறகு அளப்பதில் பயனில்லை. துளை போடும் முன் மின்சாரத்தை நிறுத்துங்கள். வயர் எங்கே போகிறது என்று தெரியாவிட்டால் எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். அளந்து முடித்ததும் துளையை ரப்பர் மூடியால் அடைத்துவிட வேண்டும்.

எங்க வீடு குளச்சல் பக்கம், கடலுக்கு இருநூறு மீட்டர்தான். மூன்றே மாதத்தில் ஃபில்டர் பிசுபிசுத்துப் போகிறது. ஏன்?

உப்பு. ஆரோக்கியபுரம் முதல் நீரோடி வரை கரையோர வீடுகள் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகள் காற்றில் வந்து ஃபில்டரில் உப்பாகப் படிகின்றன. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு ஈரத்தை உறிஞ்சித் தானே கரைந்துவிடும். கடற்கரையில் இரவும் அதிகாலையும் அந்த அளவு சர்வ சாதாரணம். ஆக, ஒவ்வொரு இரவும் ஃபில்டர் உப்புநீரில் நனைகிறது, நண்பகலில் காய்கிறது. இது திரும்பத் திரும்ப நடக்கும்போது தூசி சேறாகி இடைவெளிகளை அடைத்துவிடும். கரைந்த உப்புநீர் ஃபில்டரைத் தாண்டி உள்ளே இருக்கும் ஃபேனையும் அரிக்கும்.

செய்ய வேண்டியவை எனக்குத் தெரிந்தவரை இவை. காற்று நுழையும் வாய் கடலைப் பார்த்து இருக்கக் கூடாது. வீட்டின் மறுபக்கத்துக்கு மாற்ற முடிந்தால், அந்த ஒரு தடவைச் செலவு சில வருட ஃபில்டர் செலவில் திரும்பிவிடும். அட்டைச் சட்டம் உள்ள ஃபில்டர் வாங்காதீர்கள். ஈரத்தில் அட்டை தொய்ந்து ஓரத்தில் இடைவெளி விழும். பிளாஸ்டிக் சட்டம் நல்லது. ஜி.ஐ. தகடு துருப்பிடிக்கும். ஸ்டீலில் செய்யச் சொன்னால் 304 ரகத்தைவிட 316 ரகம் உப்புக்குத் தாங்கும், ஆனால் விலை கூட.

முன் ஃபில்டருக்குப் பாலிப்ரோப்பிலீன் போல, தண்ணீரை உறிஞ்சாத பஞ்சாகக் கேளுங்கள். இங்கே கடற்கரைக்காரர்களுக்கு ஒரு நல்ல விஷயமும் இருக்கிறது. உப்பு தண்ணீரில் கரையும். உள்நாட்டுத் தூசியைவிடக் கடலுப்பு கழுவினால் எளிதாகப் போய்விடும். அதனால் கழுவக்கூடிய முன் ஃபில்டர் உங்களுக்குத்தான் மற்றவர்களைவிட அதிகம் மிச்சம் தரும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அலசுங்கள். கரையோர போர் தண்ணீர் பல இடங்களில் உவர்ப்பாக இருக்கும். அதில் அலசினால் போன உப்பு திரும்பி வந்து உட்காரும். கடைசி அலசலுக்குப் பிடித்து வைத்த மழைத்தண்ணீர் மிக நல்லது.

ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கம் காற்றுக்கு என்ன செய்வது?

முப்பந்தலில் காற்றாலைகள் வரிசையாக நிற்பதே அந்தக் கணவாய்க் காற்றுக்காகத்தான். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகக் காற்று நேராக மோதினால் சுமார் 60 பாஸ்கல் அழுத்தம் தரும். ஒரு சிறிய வீட்டு ஃபேனின் தள்ளுவிசையும் ஏறத்தாழ அவ்வளவுதான். இயந்திரத்தை நிறுத்தி வைத்திருந்தாலும் மேற்குக் காற்று ஃபில்டர் வழியாகத் தூசியை ஊதித் தள்ளிக்கொண்டே இருக்கும் என்று அர்த்தம். ஆனி தொடங்கி ஆவணி வரை இதுதான் நிலைமை.

வாயைக் கிழக்கிலோ வடக்கிலோ வையுங்கள். முடியாவிட்டால் முன்னால் கீழ்நோக்கி வளைந்த மூடி ஒன்று போடுங்கள். இயந்திரம் நின்றதும் தானே மூடிக்கொள்ளும் டாம்பர் (காற்று வழியை அடைக்கும் தகடு) ஒன்றும் அவசியம். இந்த டாம்பர் இல்லாமலே பொருத்திவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள், கேட்டு வாங்குங்கள்.

நாங்கள் குலசேகரம் பக்கம். தூசியே இல்லை, ஆனாலும் ஃபில்டர் சீக்கிரம் அடைகிறதே?

புகையைக் கவனியுங்கள். ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைக்கூடம் அருகில் இருந்தால், அல்லது தினமும் மாலையில் சருகும் தொண்டும் எரித்தால், அந்தப் புகையில் உள்ள தார் ஃபில்டரில் பசையாக ஒட்டும். முன் ஃபில்டர் இதைத் தடுக்காது, ஏனென்றால் புகைத் துகள் ஜி4 பஞ்சுக்குள் சாதாரணமாகப் புகுந்து போய்விடும். எரிக்கும் நேரத்தில் இயந்திரத்தை நிறுத்துவது ஒன்றுதான் வழி. டைமர் ஸ்விட்ச் போட்டு மாலை இரண்டு, மூன்று மணி நேரம் நிறுத்தி வைத்தாலே ஃபில்டரின் ஆயுள் கண்கூடாக நீளும். தீபாவளி இரவும் கிறிஸ்துமஸ் இரவும் அப்படியே.

குவாரி லாரியும் எம்-சாண்ட் லாரியும் போகும் சாலையோரம் நேர்மாறு. அது கனமான தூசி. தரையிலிருந்து உயர உயரக் குறையும். வாயை மாடி உயரத்துக்கு ஏற்றினால் பலன் தெரியும். கன்னிப்பூ, கும்பப்பூ அறுவடை நாட்களில் வயலோர வீடுகளுக்கும் இதே யோசனை.

ஒரே ஒரு விஷயம்தான் செய்ய முடியும் என்றால் எதைச் செய்வது?

முன் ஃபில்டர். விலை மலிவான பஞ்சை முன்னால் வைத்து, விலை கூடிய எஃப்7-ஐக் காப்பாற்றுவது.

கணக்கைப் பாருங்கள். எஃப்7 ஒன்று 2,400 ரூபாய், ஜி4 பஞ்சுத் துண்டு ஒன்று 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம் (உங்கள் பில்லில் உள்ள விலையைப் போட்டுப் பாருங்கள்). முன் ஃபில்டர் இல்லாமல் நான்கு மாதத்துக்கு ஒருமுறை எஃப்7 மாற்றினால் வருடம் 7,200. முன்னால் பஞ்சு வைத்து அதை மாதாமாதம் மாற்றி, எஃப்7 ஒரு வருடம் தாங்கினால் 1,200-உம் 2,400-உம் சேர்த்து 3,600. பாதியாகிவிட்டது. பஞ்சைக் கழுவிப் பயன்படுத்தினால் இன்னும் குறையும்.

ஜி4 பஞ்சை ரோலாக வாங்கி நாமே வெட்டிக்கொள்ளலாம். ஏசி சர்வீஸ் செய்பவர்களிடம் சொன்னால் வரவழைத்துத் தருவார்கள். ஒரு பக்கம் தளர்வாகவும் மறுபக்கம் இறுக்கமாகவும் இருக்கும் பஞ்சு என்றால், தளர்ந்த பக்கம்தான் காற்று வரும் திசையைப் பார்க்க வேண்டும். இதை மாற்றிப் போட்டால் மேலாகவே அடைத்துக்கொள்ளும்.

இயந்திரத்துக்குள் முன் ஃபில்டருக்கு இடமில்லையா? டக்டின் நடுவே தனியாக ஒரு ஃபில்டர் பெட்டி செய்து மாட்டலாம். செய்வதென்றால் பெரிதாகவே செய்யுங்கள். ஃபில்டரின் பரப்பு இரட்டிப்பானால் காற்று அதன் வழியே பாதி வேகத்தில் போகும், தடுப்பும் ஏறத்தாழப் பாதியாகும், தூசி பிடிக்கும் கொள்ளளவு இரட்டிப்பாகும். ஆயுள் இரண்டு மடங்குக்கு மேலும் கூடலாம். குழாய் அளவுக்கே சின்னதாக ஒரு பெட்டி செய்து மாட்டினால் இருக்கிற காற்றும் நின்றுவிடும்.

இதைவிட முன்னால் ஒரு தடை இருக்கிறது, பலரும் மறப்பது. வெளிச்சுவரில் உள்ள பூச்சி வலை. முதல் மழைக்கு மறுநாள் மாலை ஈசல் கிளம்பினால், வெளி விளக்கு பக்கத்தில் இருக்கும் வலை முழுக்கச் சிறகாக அப்பிக்கொள்ளும். காற்று குறைந்ததும் ஃபில்டர் போய்விட்டது என்று புதிது வாங்குகிறார்கள், அடைத்திருப்பது வலை. கழற்றிப் பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். ஏணி இல்லாமல் எட்டும் இடத்தில் வலை இருப்பது எவ்வளவு நல்லது என்பது அப்போது தெரியும்.

ஃபில்டரைக் கழுவலாமா?

ஜி3, ஜி4 செயற்கைப் பஞ்சைக் கழுவலாம். லேசான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, சுத்தமான பக்கத்திலிருந்து அழுக்குப் பக்கம் நோக்கித் தண்ணீர் விட்டு அலசுங்கள். பிழியக் கூடாது. நிழலில் முழுதாகக் காய வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் எதுவும் காயாது என்பதால் இரண்டு செட் வைத்துக்கொள்ளுங்கள். நாலைந்து தடவைக்குப் பிறகு பஞ்சு மெலிந்துவிடும். விளக்கின் முன் பிடித்தால் ஓட்டை தெரியும், அப்போது விட்டுவிடலாம்.

மடிப்பு மடிப்பாக இருக்கும் எஃப்7, மெர்வ் 13, ஹெப்பா எதையும் கழுவாதீர்கள். இவற்றில் பல நிலைமின்னேற்றம் கொடுத்த இழைகளால் ஆனவை. தூசியை ஈர்ப்பதில் அந்த மின்னேற்றத்துக்குப் பெரிய பங்கு. சோப்பும் ஸ்பிரிட்டும் பட்டால் அது போய்விடும். பார்க்க வெள்ளையாக, புதிது மாதிரி இருக்கும், நுண்தூசி மட்டும் உள்ளே போய்க்கொண்டிருக்கும். கம்ப்ரஸர் காற்றடித்துச் சுத்தம் செய்வதும் இழையைக் கிழித்துவிடும். மேலாக ஒட்டிய நூலையும் பூச்சியையும் வேக்குவம் கிளீனரால் மெதுவாக எடுக்கலாம், அவ்வளவுதான்.

ஈ.ஆர்.வி.யின் நடுவில் உள்ள, வெப்பத்தை மாற்றும் கோர் பற்றி ஒரு வார்த்தை: காகிதம் அல்லது மெம்ப்ரேன் கோரில், கம்பெனி கையேட்டில் சொல்லாமல் தண்ணீர் காட்டவே கூடாது. அது போனால் பல வருட ஃபில்டர் பணம் ஒரே நாளில் போய்விடும்.

கார்பன் ஃபில்டரை வெயிலில் காயவைத்தால் திரும்ப வேலை செய்யுமாமே?

செய்யாது. ஈரம் போகும், பிடித்து வைத்த வாடைப் பொருட்கள் பெரும்பாலும் அப்படியே இருக்கும். கார்பனைப் புதுப்பிக்க நூற்றுக்கணக்கான டிகிரி சூடு வேண்டும். வாடைத் தொந்தரவு இல்லாத வீட்டில் கார்பன் ஃபில்டரையே வாங்காமல் விடுங்கள், அது சுத்த மிச்சம்.

பழைய வேட்டித் துணியை மடித்து வைத்தால்?

வேண்டாம். நுண்தூசியைப் பிடிக்காது, காற்றை மட்டும் தடுக்கும், ஈரத்தில் நாறும்.

கம்பெனி ஃபில்டருக்குப் பதில் வேறு வாங்கலாமா?

வாரண்டி காலத்தில் வாரண்டித் தாளைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். அதற்குப் பிறகு தாராளமாக வாங்கலாம். நீளம், அகலம், கனம் மூன்றையும் மில்லிமீட்டரில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். மடிப்புகளின் எண்ணிக்கையையும் பழையதோடு ஒப்பிடுங்கள். மலிவான ஃபில்டரில் மடிப்பு குறைவாக இருக்கும். பரப்பு குறைந்தால் ஆயுளும் குறையும், அப்போது மலிவு எங்கே இருக்கிறது? விலையை, அது தாங்கிய மாதங்களால் வகுத்துப் பாருங்கள். ஒப்பிட வேண்டியது அந்த எண்ணைத்தான்.

பொருத்தும்போது ஓரத்தில் இடைவெளி இல்லாமல் ஃபோம் டேப் ஒட்டுங்கள். காற்று எளிதான வழியில்தான் போகும். ஒரு விரல் இடைவெளி இருந்தால் போதும், நல்ல ஃபில்டர் இருந்தும் தூசி அதைச் சுற்றிக்கொண்டு உள்ளே போகும். சட்டத்தில் உள்ள அம்புக்குறி காற்று போகும் திசையைக் காட்ட வேண்டும்.

தெருவில் இரண்டு மூன்று வீட்டில் ஒரே மாடல் என்றால் சேர்ந்து ஆர்டர் போடுங்கள். பார்சல் செலவு பங்காகிவிடும். வாங்கி வைப்பதைப் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல், நிமிர்த்தி, காய்ந்த அலமாரியில் வையுங்கள். ஒரு வருடத் தேவைக்கு மேல் வாங்கிக் குவிக்க வேண்டாம். நம் ஊர் ஈரம் பெட்டியையும் விடாது.

ஃபில்டர் அடைத்தால் கரண்ட் பில்லும் ஏறுமா?

இயந்திரத்தைப் பொறுத்தது. சாதாரண ஃபேன் என்றால் பில் பெரிதாக ஏறாது, காற்று குறைந்துபோகும். காற்றின் அளவைத் தானே ஒரே நிலையில் வைத்திருக்கும் ஈ.சி. மோட்டார் என்றால், அடைக்க அடைக்க வேகம் கூட்டி மின்சாரத்தை இழுக்கும். 30 வாட் இயந்திரம் நாள் முழுக்க ஓடினால் இரண்டு மாதத்துக்கு 43 யூனிட். அதுவே 45 வாட்டாக ஏறினால் 65 யூனிட். தமிழ்நாட்டில் இலவச யூனிட்டுகளைத் தாண்டினால் அடுக்கடுக்காக விலை கூடும். ஏற்கெனவே ஏசியால் மேல் அடுக்கில் இருப்பவர்களுக்கு இந்த 22 யூனிட்டும் மேல் விலையில்தான் விழும்.

ஓட்டும் நேரத்தைக் குறைப்பது இரண்டையும் ஒருசேர மிச்சப்படுத்தும். பகலில் ஜன்னல், இரவில் ஏசி போடும்போது மட்டும் இயந்திரம் என்றால் ஃபில்டரின் வேலை மூன்றில் ஒரு பங்காகிவிடும். ஒரு ஆளுக்கு மணிக்கு 25 முதல் 30 கன மீட்டர் காற்று போதும். இரண்டு பேர் தூங்கும் அறைக்கு முழு வேகம் வேண்டியதில்லை.

நாங்கள் வளைகுடாவில் இருக்கிறோம். வருடத்தில் ஒரு மாதம்தான் ஊரில். வீடு பூட்டியே கிடக்கும்.

குமரி மாவட்டத்தில் இந்தக் கேள்வி நிறைய வீடுகளுக்குப் பொருந்தும். பூட்டிய வீட்டில் நிற்கும் ஃபில்டர் தூசியால் கெடாது, ஈரத்தால் கெடும். புறப்படும் முன் ஃபில்டர்களைக் கழற்றி, ஒரு நாள் முழுக்கக் காயவைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பிளாஸ்டிக் உறையில் கட்டி வையுங்கள். வெளிவாயை மூடுங்கள், இல்லையென்றால் பல்லியும் குளவியும் குடியேறும். வந்ததும் முகர்ந்து பாருங்கள். வாடை இருந்தால் போடாதீர்கள்.

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஆள் வாரம் ஒருமுறை வருவார் என்றால், இயந்திரத்தை ஓட்டச் சொல்வதைவிட ஜன்னலைத் திறந்து போடச் சொல்வது நல்லது.

சமையலறை சிம்னி, சுவர் ஏசி?

ஸ்டீல் பேஃபிள் உள்ள சிம்னிக்கு மாற்றுச் செலவே கிடையாது, வெந்நீரில் சோப்பு போட்டுக் கழுவினால் போதும். தேங்காய் எண்ணெயில் மீன் பொரிக்கும் வீட்டில் மாதம் இரு முறையாவது. டக்ட் இல்லாமல் கார்பனோடு வரும் சிம்னியில்தான் கார்பன் செலவு தொடர்கிறது. சுவரில் ஓட்டை போட்டு டக்டை வெளியே விட்டுவிட்டால் அது ஒழிந்தது. ஈ.ஆர்.வி.யின் உறிஞ்சு வாயை அடுப்புக்கு அருகில் வைக்காதீர்கள், எண்ணெய்ப் புகை ஃபில்டரை வாரக்கணக்கில் முடித்துவிடும்.

சுவர் ஏசியின் வலையை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அலசுங்கள்.

எங்கே மிச்சம் பிடிக்கக் கூடாது?

கைக்குழந்தை, ஆஸ்துமா உள்ளவர், ஆபரேஷன் முடிந்து வந்தவர் இருக்கும் அறையில் எஃப்7-ஐ எடுத்துவிட்டு வெறும் பஞ்சோடு ஓட்டாதீர்கள். பூஞ்சை கண்ட ஃபில்டரை 'இன்னும் ஒரு மாதம்' என்று இழுக்காதீர்கள். ஃபில்டரே இல்லாமல் ஒரு வாரம் ஓட்டலாம் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். அந்தத் தூசி கோரிலும் ஃபேனிலும் போய் அமர்ந்துவிட்டால் எடுப்பது பெரிய வேலை. புது ஃபில்டர் வரும்வரை இயந்திரத்தை நிறுத்தி, ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

கழித்த ஃபில்டரை என்ன செய்வது?

தென்னை ஓலையோடு சேர்த்துக் கொளுத்தாதீர்கள். அது பெரும்பாலும் பிளாஸ்டிக் இழை, எரித்தால் வரும் நச்சுப்புகை உங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும்தான் வரும். கழற்றும்போது முகக்கவசம் போட்டு, தட்டாமல் நேராகப் பையில் இட்டுக் கட்டி, துப்புரவுப் பணியாளர்களிடம் உலர் குப்பையாகக் கொடுங்கள். சட்டம் கழற்றக்கூடிய பிளாஸ்டிக்காகவோ ஸ்டீலாகவோ இருந்தால் அதை மட்டும் கழுவி வைத்துக்கொண்டு, அடுத்த தடவை பஞ்சை வெட்டி அதிலேயே போடலாம்.